மார்கழி மாநாடும் மணமகள் அறைக் கதவும்

போன வாரம் ஹேமா போன் செய்தாள்.

"அண்ணா, இந்த வருஷம் நம்ம மீட்டுக்குப் பத்தாவது வருஷம். ஒரு மலர் போடறோம். நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஜாலியா இருக்கணும். அந்த எஸ்.ஐ. கதை, ரசத்துக்கு ஸ்ட்ரா போட்ட கதை, அந்த மாதிரி."

சரி என்றேன். உட்கார்ந்து எஸ்.ஐ. கதையை எழுதவும் ஆரம்பித்தேன். மறுநாள், கல்யாண மண்டபத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் புது மேனேஜர் கூப்பிட்டார். இந்த வருடம் ஹேமாவின் மாநாடு நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய அரங்குக்குப் போகிறது. எங்கள் மண்டபத்தில் தங்கலும் சாப்பாடும் மட்டும். பழைய விதித்தாள் ஃபைலில் இருந்து கிடைத்ததாம், அதில் ஒரு சந்தேகம்.

"அஞ்சாவது ரூல்ல, அப்பா அம்மா வந்தாலும் உள்ள வுடக் கூடாதுன்னு போட்டிருக்குது. கொஞ்சம் ஓவரா இல்ல சார்? நம்ம ஊர்ல பெத்தவனை வாசல்ல நிக்க வைக்க முடியுமா?"

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு எனக்கு ஜாலியாக எழுத வரவில்லை. எழுதினதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஹேமா, மலரில் போட முடியாது என்றால் போட வேண்டாம். எனக்கு வருத்தமில்லை.

நான் அந்த மண்டபத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். பாத்திர ஸ்டோரில் சேர்ந்தேன். பெரிய அண்டாவை இரண்டு பேர் தூக்கினால் விளிம்பு நெளியும், மூன்று பேர் வேண்டும் என்று கற்றுக்கொள்ளவே ஒரு வருடம் ஆனது. பிறகு சமையற்கட்டு மேற்பார்வை, பிறகு மேனேஜர். கல்யாணம் என்றால் என்ன என்பதை என் கல்யாணத்தில் நான் தெரிந்துகொள்ளவில்லை, அடுத்தவர் கல்யாணங்களில்தான் தெரிந்துகொண்டேன் என்று என் மனைவி குத்திக்காட்டுவாள். உண்மைதான்.

முதலாளிக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை. மண்டபம் அவர் அப்பா கட்டியது. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். ஒவ்வொரு விசேஷத்துக்கும் முதல் நாள் வருவார், செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு மண்டபம் முழுக்க நடப்பார். எங்கே குறை இருக்கிறதோ அங்கே போய் நின்றுவிடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல். அவர் என்ன பார்க்கிறார் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முறை பந்தி ஹாலில் மூன்றாம் வரிசையில் பத்து நிமிடம் நின்றார். நானும் சமையல்காரரும் தரையைப் பார்த்தோம், கூரையைப் பார்த்தோம், ஒன்றும் புரியவில்லை. கடைசியில் தெரிந்தது, ஒரு மேசைக் கால் அரை விரல் குட்டை. அட்டையை மடித்து அடியில் வைத்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பெண்ணைப் பெற்றவரை எந்தக் கதவிலும் நிறுத்தக் கூடாது. மணமகள் அறை வாசலில் மாப்பிள்ளையின் மாமனை நிறுத்தலாம், மந்திரியை நிறுத்தலாம், போட்டோகிராபரை அவசியம் நிறுத்த வேண்டும். பெண்ணின் அப்பா வந்தால் மட்டும் வாட்ச்மேன் எழுந்து நின்று கதவைத் தள்ளிவிட வேண்டும். பாவம், அன்றைக்கு அந்த மனுஷன் ஊருக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருப்பார். அவர் தலை நிமிர்ந்து நுழைய ஒரு கதவாவது இருக்கட்டும். வேலைக்குச் சேரும் ஒவ்வொரு வாட்ச்மேனுக்கும் முதல் நாளே இதைச் சொல்லுவேன். வருடக்கணக்காகச் சொன்னது எனக்கே இரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

ஹேமா முதன்முதலில் வந்தது ஒரு கார்த்திகை மாதக் கடைசியில். அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"மார்கழியில மூணு நாள் ஹால் வேணும் அண்ணா."

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. மண்டபம் பூட்டிக் கிடக்கும். நாங்கள் ஜமுக்காளம் உலர்த்துவோம், மோட்டார் ரிப்பேர் பார்ப்போம்.

"பஜனையாம்மா?"

"இல்லண்ணா. ஃபர்ரி மீட்." போனை நீட்டினாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு நரி நின்றது.

"டிராமாவா?"

"இல்ல."

"சர்க்கஸா?"

"இல்லண்ணா. எங்களுக்குப் புடிச்ச மிருகமா நாங்களே டிரெஸ் தெச்சிப் போட்டுக்குவோம். அதுக்கு ஒரு பேரு, ஒரு குணம் எல்லாம் வெச்சிக்குவோம். அந்த மாதிரி ஆளுங்க ஊரு ஊரா இருக்கோம். வருஷத்துக்கு ஒருதரம் ஒண்ணா கூடணும்னு ஆசை."

"கூடிக்கினு?"

"படம் வரைவோம், ஆடுவோம், பேசிக்கினு இருப்போம். அவ்ளோதான்."

முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று கடைக்குப் போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கல்லாப்பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "திருப்புட்குழியில பெருமாளு ஒரு பறவைக்குக் கொள்ளி வெச்சாரு. நாம ஒரு ஹால் குடுத்தா ஒண்ணும் கொறஞ்சிடாது" என்றார். அந்த வருடம் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

முதல் வருடம் இருபத்து மூன்று பேர். மாடியில் இருக்கும் சின்ன ஹால். நான் என் வழக்கப்படி வாசலில் குத்துவிளக்கு ஏற்றி, ஆரத்தித் தட்டில் கற்பூரம் கொளுத்தி வரவேற்றேன். நரியின் வால் விளக்குப் பக்கம் ஆடியதும் ஹேமா போட்ட அலறலில் சமையற்கட்டில் கரண்டி விழுந்தது. அந்த ரோமம் முழுக்கச் செயற்கை நூல். ஒரு பொறி பட்டால் ஆள் உள்ளேயே வெந்துவிடுவார். விளக்கை அணைத்தேன், பன்னீர்ச் செம்பையும் உள்ளே வைத்தேன். அன்றைக்கு மாலை அவள் ஒரு தாளில் விதிகள் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினாள். முதல் விதி, தீ கூடாது.

அதற்குப் பிறகு நானும் அவளும் சேர்ந்து கற்றுக்கொண்டதுதான் எல்லாம். மிருகத்தின் தலை என்பது நுரைப்பஞ்சில் செதுக்கி, ரோமத்துணி ஒட்டி, கண்ணுக்கு வலை வைத்தது. போட்டவருக்குக் கீழே பார்க்க முடியாது, பக்கவாட்டிலும் தெரியாது. மார்கழிக் காலையிலேயே உள்ளே அடுப்படி மாதிரி காயும். அதனால் இருபது நிமிடத்துக்கு மேல் தலை போட்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு மிருகத்துக்கும் கைபிடித்து நடத்த ஒரு துணை ஆள். படிக்கட்டில் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். உப்புப் போட்ட மோர், டம்ளரில் ஸ்ட்ராவோடு. ஒரு கரடி ரசத்தையும் அப்படியே கேட்டதால் அதற்கும் ஸ்ட்ரா.

தலையைக் கழற்றி ஆற ஒரு அறை வேண்டும் என்றாள். நல்ல ஏ.சி., பெரிய கண்ணாடி, கூடவே பாத்ரூம், கதவுக்கு உள் தாழ்ப்பாள். எங்களிடம் அப்படி ஒரே அறைதான், மணமகள் அறை. அதற்கு அவர்கள் ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் தலை ரூம் என்றார்கள், கடைசியில் அவர்களும் தலை ரூம் என்றே சொன்னார்கள். பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டைக் கொண்டுபோய்ப் போட்டு, அதன்மேல் தலைகளை வைத்து, கீழே மேசை மின்விசிறி வைத்தேன். அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடும். இது என் சொந்த யோசனை. ஹேமா இதைப் படம் எடுத்து வெளியூர் ஆட்களுக்கெல்லாம் அனுப்பினாள் என்று இன்னும் எனக்குப் பெருமை.

அந்த அறைக்குள் மட்டும்தான் முகம். வெளியே வந்தால் நரி நரிதான், கரடி கரடிதான். கழுத்தில் தொங்கும் அட்டையிலும் மிருகத்தின் பேர் மட்டும். யார் உள்ளே என்று கேட்கக் கூடாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள். பேங்கில் இருப்பவர், பள்ளிக்கூட வாத்தியார், டாக்டருக்குப் படிக்கும் பெண். ஐந்தாவது விதி அதற்காகத்தான். யார் தேடி வந்தாலும், அப்பா, அம்மா, போலீஸ் யாராக இருந்தாலும், உட்காருங்க, கேட்டுச் சொல்றேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். இருக்கிறார் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. உள்ளே தகவல் போகும். அவர்களாக வந்தால் வருவார்கள். வராவிட்டால் சமையற்கட்டுப் பின்கதவு வழியாகச் சந்துக்குப் போய்விடலாம். இருபது அடி தூரம்தான்.

அறைக் கதவைத் தட்டவும் ஒரு முறை உண்டு. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு. மோர் கொண்டுபோகும் எங்கள் ஆட்களுக்கு மட்டும் அது தெரியும்.

கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகியது. நான்காம் வருடம் மண்டபம் முழுவதும் அவர்களுக்கே. ஆறாம் வருடம் பக்கத்து மண்டபமும், கோயிலுக்கு வருபவர்கள் தங்கும் லாட்ஜ்கள் நான்கும். பெங்களூர், ஹைதராபாத், கொச்சியில் இருந்தெல்லாம் ஆட்கள். வரவேற்பில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க வரிசை கட்டுகிற கயிறு இருக்கிறதே, அதைக் கட்டித்தான் அட்டை வழங்கும் வரிசையை நடத்தினேன். முதல் நாள் மாலை தெருவில் ஊர்வலம். அதற்குப் போலீஸ் அனுமதி வாங்கப் போனபோது எஸ்.ஐ. மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாய்யா கூட்டம் இது? கட்சியா?"

"இல்ல சார்."

"ஜாதி சங்கமா?"

"மிருகங்க சார்."

"மிருகமா? மாட்டு ஆஸ்பத்திரி கேம்ப்னு எழுதக் கூடாதா?"

படத்தைக் காட்டினேன். போனைத் திருப்பித் தந்துவிட்டு கலாச்சார நிகழ்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊர்வலத்தன்று சாதா உடையில் பிள்ளைகளோடு வந்து நரியோடு படம் எடுத்துக்கொண்டார். ஐயம்பேட்டையில் இருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஜனம் வேடிக்கை பார்க்க வந்தது. தேர் பார்த்த ஊர், யாளியும் யானையும் சிங்கமும் வாகனமாக வீதி வருகிற ஊர். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஹேமாவுக்கு வேண்டியது அதுதான், கிடைத்துவிட்டது.

ஜாலியான பக்கம் இவ்வளவுதான்.

நான்காம் வருடத்தில் இருந்து சாம்பி வந்தது. அட்டையில் அந்தப் பேர். மரநாய் வேஷம். ராத்திரியில் நம் ஓட்டுக்கூரை மேல் ஓடுமே, சத்தம் கேட்கும், ஆளைப் பார்க்க முடியாது, அந்த மரநாய். சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. வால் மட்டும் துணியில்லை. பட்டு நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்துச் செய்தது. சாம்பல் நிறத்துக்கு நடுவே மாம்பழ மஞ்சளில் வளையம் வளையமாக வரும். வெளியூர் ஆட்கள் அந்த வாலைத் தொட்டுப் பார்க்கவே வரிசையில் நிற்பார்கள். சாம்பி பேசாது. தலை போட்டிருக்கும்போது பேசக் கூடாது என்று சிலர் விரதம் மாதிரி வைத்திருப்பார்கள். காலையில் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு சமையற்கட்டு வழியாக வரும், நேரே தலை ரூமுக்குப் போய்விடும். மூன்று வருடமாக நான் முகத்தைப் பார்த்ததில்லை. பெண் பிள்ளை என்று மட்டும் தெரியும்.

என் மேசையைத் தாண்டும்போதெல்லாம் என் பேனா ஸ்டாண்டை மூக்கால் தள்ளிச் சரி செய்துவிட்டுப் போகும். ஒரு வருடம் என் மனைவிக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து நேராக வந்து மேசையில் தலையைச் சாய்த்திருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். சாம்பி. மோர் டம்ளரை, ஸ்ட்ராவோடு, என் முன்னால் வைத்துவிட்டு, நான் குடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றது. என் சொந்தக்காரர்கள் செய்யாததை ஒரு மரநாய் செய்தது என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

பிறகுதான் எனக்குத் தெரிந்த ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். தலை செய்வதில் சாம்பியை மிஞ்ச ஆளில்லையாம். பெங்களூரில் இருந்து மூன்று பேர் தங்களுக்குச் செய்து தரச் சொல்லியிருந்தார்கள். பொங்கல் கழித்து, முதல் தலையை முடித்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் சொல்வதாக இருந்தாள். அவளே, அவள் வாயால். இதைத் தொழிலாகவே செய்யலாமா என்று அப்பாவைக் கேட்பதாக இருந்தாள். ஏழாம் வருட மாநாட்டின்போது அதற்கு ஒரு மாதம்தான் பாக்கி.

ஏழாம் வருடம், இரண்டாம் நாள், காலை பதினோரு மணி. வாசலுக்கு ஒருவர் வந்தார். எங்கள் முதலாளி கடைக்கு நெய்கிறவர். இருபது வருடப் பழக்கம். நல்ல மனுஷன், அதிர்ந்து பேச மாட்டார்.

"வாங்க வாங்க, இன்னா இவ்ளோ தூரம்?"

"ஒண்ணுமில்ல மேனேஜர்." போனை நீட்டினார். முதல் நாள் ஊர்வலத்தின் வீடியோ, ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. சாம்பி ஆடுகிற இடத்தில் நிறுத்தி, வாலை இரண்டு விரலால் பெரிதாக்கினார். "இந்த மஞ்சளப் பாருங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு பொடவைக்குப் போட்ட சாயம். அறுத்த பாவு நூலு மிச்சம் எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில கெடந்துச்சி. பொண்ணு கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போறேன்னு ரெண்டு நாளா காலையில போவுது, சாயங்காலம் வருது. இதுக்குள்ள இருக்கறது எம்பொண்ணோன்னு ஒரு சந்தேகம்."

நூலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். முகத்தை மறைத்துக்கொண்டு ஊரையே ஏமாற்றலாம், நெய்கிறவர் கண்ணை ஏமாற்ற முடியுமா? ஆனால் அப்போது அவரிடம் இருந்தது சந்தேகம் மட்டும்தான். முகத்தில் கோபம் துளிகூட இல்லை. லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, என் வாயால் இன்னொருத்தி கெட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "சாம்பியா! அட, நம்ம சாம்பி உங்க பொண்ணா! இத்தினி வருஷமா தெரியாம போச்சே! தங்கமான பொண்ணுங்க. வாங்க, வாங்க உள்ள."

அவர் தயங்கினார். இதை நான் எழுதியே ஆக வேண்டும். அவர் தயங்கினார். "வேணாம் மேனேஜர். நான் இங்கியே உக்காந்துக்கினு இருக்கறேன். நீங்க சொல்லி அனுப்புங்க. வந்தா வரட்டும்."

ஐந்தாவது விதியை அவரே சொல்லிவிட்டார், தாளைப் பார்க்காமலேயே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொண்ணப் பெத்தவரு நீங்க. வாசல்ல நிக்கறதாவது! எம்மண்டபத்துல அது நடக்காதுங்க." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பெரிய ஹால் வழியாகத்தான் கூட்டிப் போனேன். இவ்வளவு கூட்டத்தையும் அவர் பார்க்கட்டும் என்று. மணமகள் அறை வாசலில் காவலுக்கு இருந்த பெண் குறுக்கே கை வைத்தாள். "அங்கிள், வெயிட் பண்ணுங்க, ஹேமா அக்காவக் கேக்கணும்." நான் மேனேஜரம்மா, தள்ளு என்றேன். இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு. மோர் என்று நினைத்து உள்ளே தாழ்ப்பாளை எடுத்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், ஆணும் பெண்ணும். கழுத்துக்குக் கீழே மிருகம், மேலே நனைந்த தலைமுடியோடு மனுஷ முகம். ஒருத்தர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், இன்னொருத்தி துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். ஸ்டாண்டு மேல் தலைகள் வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மின்விசிறி ஓரத்தில் ஒரு பெண், வாலை மடியில் போட்டுக்கொண்டு, பிரிந்த நூலை ஊசியால் கோத்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. அவள் முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். அவளுடைய அப்பா பார்த்த அதே நொடியில்.

"அப்பா" என்றாள். கையில் இருந்த ஊசி விழுந்தது.

அவர் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். வாலின் நுனியைத் தூக்கி, புடவையின் பின்பக்கத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் பார்த்தார்.

"நீ பண்ணதா?"

"ஆமாம்பா."

"பின்னாடி முடிச்சே தெரியல."

நிமிர்ந்தார். அப்போதுதான் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஆண்களைப் பார்த்தார், தாழ்ப்பாள் போட்டிருந்த கதவைப் பார்த்தார். அந்தக் கதவை யார் எதற்காகத் தாழ்ப்பாள் போட்டார்கள் என்று அவருக்கு யார் சொல்வது? "எழுந்து வாம்மா. ஊட்டுக்குப் போலாம்."

"மாத்திக்கினு வரேம்பா. அஞ்சு நிமிஷம்."

"வேணாம். வா."

நான் கூட்டிவந்த வழியே திரும்பினார்கள். நூற்றுக்கணக்கான மிருகங்கள் நிற்கிற ஹால் நடுவே, கழுத்துவரை மரநாயாக, முகம் மூடாமல், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வால் தரையில் இழுபட்டது. ஹேமா எங்கிருந்தோ துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அதற்குள் வாசல். வாசலில் வேடிக்கை பார்க்கிற ஜனம், எல்லார் கையிலும் போன். கூட்டத்தில் எவனோ அவள் நிஜப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். தெரிந்த பையனாக இருக்கும். அவள் நிமிரவே இல்லை.

சமையற்கட்டுப் பின்கதவு பக்கத்திலேயே இருந்தது. அந்த இருபது அடி என் புத்திக்கு எட்டவில்லை. எத்தனையோ வருடம் அந்தக் கட்டிடத்தின் ஒவ்வொரு கதவுக்கும் சாவி என் இடுப்பில் இருந்தது. என்ன பிரயோஜனம்!

கொஞ்ச நேரம் கழித்து ஹேமா என் மேசைக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, அஞ்சாவது ரூல் என்னா?"

சொன்னேன். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன்.

"தெரிஞ்சிக்கினேவா?"

"அந்த நேரத்துல தோணலம்மா. பொண்ணோட அப்பா, மணமகள் ரூம்..." எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது.

"ம்" என்றாள். போய்விட்டாள். அடுத்த வருடம் கதவுப் பொறுப்பை என்னிடம் தரவில்லை. சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் முதலாளி வந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. செருப்பைக் கழற்றினார். ஹாலில் நடந்தார். மணமகள் அறைப் பக்கம் போய் நிற்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. நேரே வந்து என் முன்னால் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேசாமல். ரொம்ப நேரம். அட்டை மடித்து வைத்துச் சரி செய்ய இது மேசைக் கால் இல்லையே. தலை குனிந்து நின்றேன். அவராகத்தான் கடைசியில் போனார்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். நெய்கிறவர் தறியை விட்டு எழுந்து வந்து உட்காரச் சொன்னார். காபி வந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க இன்னா பண்ணீங்க மேனேஜர்? உள்ளதத்தான காட்டினீங்க." காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "ஒண்ணு சொல்றேன். அந்த வேலப்பாடு எனக்குப் புடிச்சிதான் இருந்துச்சி. நான் மட்டும் பாத்திருந்தா வேற. ஊரு பாத்துட்டுதே. வூட்டுக்கு வூடு போன்ல வெச்சிக்கினு சிரிக்கறாங்க. இதுக்கு மேல பொண்ண வெச்சிக்கினு இருக்க முடியாது. தூரத்துச் சொந்தத்துல ஒரு எடம் வந்திருக்குது, முடிச்சிடலாம்னு இருக்கறேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். உள்ளே இருந்து அவள் வெளியே வரவில்லை. பெங்களூர் ஆட்களுக்கு முடியாது என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டதாக ஹேமா பிறகு சொன்னாள்.

நான் மட்டும் பார்த்திருந்தால் வேறு என்றாரே, அந்தப் பேச்சுதான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது. பொங்கல் கழித்து, வீட்டுக்குள்ளே, கையில் முடித்த வேலையோடு அவள் கேட்டிருந்தால் அந்த மனுஷன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சரி என்றிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்த ஒரு மாதத்தை நான் எடுத்துக்கொண்டேன், பெருமை தாங்க முடியாமல்.

சாம்பியின் தலை அன்றைக்கு ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டது. அவள் கேட்டால் கொடுங்கள் என்று ஹேமா என்னிடமே விட்டாள். ரிட்டயர் ஆன அன்று சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அலமாரியில் இருக்கிறது. யாரும் கேட்டு வரவில்லை.

சாம்பி என்பது நான் மாற்றிய பேர். மரநாய் என்பதைக்கூட மாற்றியிருப்பேன், மஞ்சளையும் மாற்றியிருப்பேன், யாரும் தேட வேண்டாம். காலம் கடந்தாவது விதியைக் காப்பாற்றுகிறேன். புது மேனேஜருக்குப் பதில் சொல்லிவிட்டேன். பெத்தவரை வாசலில் நிக்க வைக்க முடியுமா என்று கேட்டாரே, நாற்காலி போட்டு உக்கார வைங்க, காபி குடுங்க, விசிறி போடுங்க, உள்ள மட்டும் வுடாதீங்க என்றேன்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

அந்த மார்கழி கழிந்து மாசியில் அவள் கல்யாணம். முதலாளி மண்டபத்தைக் கொடுத்தார். அதே மணமகள் அறை. ஸ்டாண்டு இல்லை, மேசை மின்விசிறி இல்லை, பூக்கூடைகள் இருந்தன. வாட்ச்மேனை வேறு பக்கம் அனுப்பிவிட்டு அந்த வாசலில் நானே நின்றேன். முகூர்த்த நேரம் நெருங்கியதும் அப்பா வந்தார், பெண்ணை அழைத்துப் போக. பட்டு வேட்டி, தோளில் துண்டு. நான் கை நீட்டி நிறுத்தினேன்.

"உக்காருங்க. கேட்டுச் சொல்றேன்."

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் கதவைத் தட்டினேன். இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு. உள்ளே சிரிப்பும் வளையல் சத்தமும் நின்றன.

"யாரு?" அவள் குரல்தான்.

"நான்தாம்மா, மேனேஜர். அப்பா வந்திருக்காரு. உள்ள வுடலாமா?"

வளையல் சத்தம் கதவருகே வந்தது.

"இன்னிக்கி எதுக்கு சார் கேக்கறீங்க?" என்றாள். "இன்னிக்கி யாரு வேணா வரலாம்."

கதவைத் தொட்டேன். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றேன்.